வசந்தா மேடத்துக்கு எத்தனை படி?

ஒருவர் படியில் தடுமாறப் போகிறார் என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கை தூரத்தில்தான் நிற்கிறோம். ஆனால் "என்னை யாரும் பிடிக்கக் கூடாது" என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார். அந்த நொடியில் கையை நீட்ட வேண்டுமா, கூடாதா?

இந்தக் கேள்வி என்னிடம் மூன்று வருடமாக இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது வரும். மகள் யாழினி சோபாவின் கைப்பிடி மேல் ஏறி நிற்கும்போது வரும். போன வாரம் பவ்யா ஃபோன் செய்தபோது மறுபடி வந்தது.

பவ்யா இப்போது நான் பார்த்த வேலையைப் பார்க்கிறாள். ஓசூரைத் தாண்டி, ஹெப்பகோடிக்குப் பக்கத்தில் ஒரு ஷெட். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வண்டிகளை அங்கே கட்டுகிறோம். கட்டுகிறார்கள் என்று சொல்ல வேண்டும், பழக்கம் போகவில்லை. உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் குளியலறை எல்லாம் இருக்கும். வாங்குகிறவர்கள் அதைக் கேரவன் என்பார்கள், நாங்கள் டிரெய்லர் என்போம். அங்கே ஒன்பது வருடம் இருந்தேன். அதில் ஆறு வருடம் வாசலும் வாசற்படியும் என் பொறுப்பு. முப்பத்தொரு வயதில் வேலையை விட்டேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற விஷயத்தை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று யோசித்தேன். பவ்யா கேட்ட பிறகு எழுதாமல் இருப்பதும் சரியில்லை என்று பட்டது.

"அக்கா, இப்ப மோட்டார் ஸ்டெப் வந்திருக்கு. பட்டனை அமுக்கினா வெளிய வரும், இன்னொரு தடவ அமுக்கினா உள்ள போயிடும். ரெடிமேட். ரெண்டு பலகைதான், மாத்த முடியாது. எல்லா வண்டிக்கும் அதையே போட்டுடலாமான்னு மீட்டிங்ல கேக்கறாங்க. நாகராஜ் சார் உங்களக் கேக்கச் சொன்னார்."

"சார் என்ன சொல்றார்?"

"அவர் ஒண்ணும் சொல்லல. வசந்தா மேடம் கதையக் கேளுன்னு மட்டும் சொன்னார். யார் அக்கா அது?"

அவளுக்கு ஃபோனில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் வாணியம்பாடிக்காரி. ஓசூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு அந்த ஷெட்டில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் வரைபடம் போட்டேன், ஆணி எண்ணினேன், திட்டு வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நாலாம் வருடம் எங்கள் மேலதிகாரி நாகராஜ் சார் என்னைக் கூப்பிட்டு, "டோர், ஸ்டெப் ரெண்டும் இனி உன்னது" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. சமையலறையோ படுக்கையோ தருவார் என்று நினைத்திருந்தேன்.

"ஏன்ம்மா மொகம் இப்படி? நோடம்மா, இந்த வண்டில கட்டில் சரியில்லன்னா மனுஷன் சாபம் கொடுப்பான். ஸ்டெப் சரியில்லன்னா உள்ளயே வரமாட்டான். அப்புறம் கட்டில் யாருக்கு?"

அவர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுவில் 'பார்' என்பதற்கு 'நோடு' வந்து விழும். காதில் சாக்பீஸ் செருகியிருக்கும். யாரிடமும் கத்த மாட்டார். பிடிக்காத வேலையைப் பார்த்தால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். ஷெட்டில் அந்தச் சத்தம் கேட்டாலே எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். வெறுங்காலோடு படியில் ஏறுவார், இறங்குவார். பிறகு நம்மையும் ஏறச் சொல்வார்.

ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வெறும் கையோடு பத்துத் தடவை. அடுத்து ஒரு கையில் தண்ணீர் நிறைந்த பக்கெட்டோடு பத்துத் தடவை, தண்ணீர் சிந்தக் கூடாது. பிறகு பத்துக் கிலோ அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அது குழந்தைக்குப் பதில். கடைசியாகப் பலகையை நனைத்துவிட்டு ஈர ஹவாய்ச் செருப்போடு. இறங்கும்போது கண் கீழே பார்க்கக் கூடாது. கால் தானாகப் படியைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா ஏற்றமும் ஒரே அளவாக இருந்தால் கால் கண்டுபிடித்துவிடும். முதல் அடியிலேயே கால் அளவைக் கற்றுக்கொள்கிறது, அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறது. ஒன்று அரை அங்குலம் கூடினாலும் நம்பிக்கை மோசம் போய்விடும். கட்டை விரல் இடிக்கும்.

எண்ணிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் இதுதான் முக்கியம். இரண்டு பலகை என்றால் மூன்று ஏற்றம்: தரையிலிருந்து முதல் பலகை, அதிலிருந்து இரண்டாவது, அதிலிருந்து வண்டியின் உள்தரை. மூன்று பலகை என்றால் நான்கு ஏற்றம். எங்கள் நடுத்தர வண்டியின் உள்தரை மண்ணிலிருந்து இருபத்தாறு அங்குலம். இரண்டு பலகை போட்டால் ஒவ்வொரு ஏற்றமும் எட்டரை அங்குலத்துக்கு மேல் போகும். இளசுகளுக்குப் பரவாயில்லை. மூன்று பலகை போட்டால் ஆறரை.

படியிலும் வகைகள் உண்டு. வண்டியின் அடிச்சட்டத்தில் தொங்கி, இழுத்தால் வெளியே வருவது ஒன்று. விலை குறைவு, ஆனால் மிதித்தால் ஆடும். வாசலிலிருந்து கீழே விரித்து நான்கு கால்களைத் தரையில் ஊன்றுவது இன்னொன்று. கால்களில் துளை வரிசை இருக்கும், மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி ஊசியை மாற்றிச் செருகலாம். இது ஆடாது. எது வாங்கலாம் என்று கேட்டால் நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். வயதானவர்கள் படி உயரத்தைவிட ஆட்டத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், படிக்குப் பளிங்கு மாதிரி மினுக்கும் பலகைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சார் மறுக்கவில்லை. அதையே போட்டு, தண்ணீர் தெளித்து, "நீங்களே ஏறுங்க சேட்" என்றார். அவர் ஒரு காலை வைத்தார், எடுத்தார், "அந்த சொரசொர தகடே போடுங்கப்பா" என்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி வசந்தா மேடம்.

அவர் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் விளையாட்டு ஆசிரியை. மூன்று தலைமுறையாக பசவனகுடியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். உயரமானவர், குரல் மைதானத்துக்குப் பழகியது. இடது முழங்காலில் அறுவை ஆகி ஒரு வருடம் ஆகியிருந்தது. கணவர் சுந்தரம் சார் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது இருவருடைய வெகுநாள் ஆசை. ஓட்டல் குளியலறைகளும் பஸ் படிக்கட்டும் இனி ஆகாது என்றுதான் டிரெய்லர் பார்க்க வந்தார்கள். முதல் நாளே அவர் என்னிடம் சொன்னது:

"இந்தா பொண்ணே, ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். ஆஸ்பத்திரியில ஆறு வாரம் என்னைத் தூக்கித் தூக்கி வெச்சாங்க. போதும். நானா ஏறணும், நானா இறங்கணும். என்னை யாரும் பிடிக்கக் கூடாது. அது முடியலேன்னா இந்த வண்டி எனக்கு வேண்டாம்."

சுந்தரம் சார் பக்கத்தில் நின்று, "நான் பிடிச்சா கூடவா?" என்றார்.

"நீங்க பிடிச்சா ரெண்டு பேரும் விழுவோம்."

அவருக்கு எத்தனை அங்குலம் வசதி என்று பார்க்க வீட்டுக்கே போனேன். அதற்கும் நாகராஜ் சாரின் முறை ஒன்று உண்டு. அரை அங்குலப் பலகைகளைச் சுவர் ஓரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு பலகை கூடும்போதும் ஆளை ஏறச் சொல்ல வேண்டும்.

"வாயக் கேக்காதம்மா," என்று கிளம்பும்போது சொன்னார். "எல்லாரும் மரியாதைக்கு 'சரியா இருக்கு'ன்னுதான் சொல்வாங்க. கையப் பாரு. கை எப்ப சுவத்தத் தேடுதோ, அங்க நிறுத்து. ஒரு பலகை கொறச்சுக்கோ. அதான் அவங்க படி."

நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். பள்ளியிலும் அப்படித்தான். அவர் கையைப் பார்க்கச் சொன்னார், நான் கையை மட்டும் பார்த்தேன். ஆறு பலகை, எட்டுப் பலகை, பத்து. வசந்தா மேடம் லாவகமாக ஏறினார். "என்னம்மா, ஹை ஜம்ப்பா?" என்று கிண்டல் வேறு. பதினான்காவது பலகையில் வலது கை சுவரைத் தொட்டது. ஒன்று குறைத்தேன். பதிமூன்று பலகை, ஆறரை அங்குலம். நான்கு ஏற்றம், மூன்று பலகைப் படி. கணக்கு இவ்வளவு அழகாக வந்து விழுந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாரும் போட்டார்.

வண்டி கொடுக்கும் நாள் ஷெட்டில் பூஜை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், வாசலில் மாவிலை. சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஃபோன். வசந்தா மேடம் அரக்குப் பட்டுப் புடவையில் இருந்தார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். நான் படிக்குப் பக்கத்தில், அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றேன். வழக்கமாக அங்கேதான் நிற்பேன்.

இடது கையில் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டார், வலது கையால் கம்பியைப் பிடித்தார். முதல் பலகையில் வலது கால். இரண்டாவதில் இடது. முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம் வந்து போனது, கம்பியை இழுத்து ஏறிவிட்டார். மூன்றாவதில் வலது. இனி உள்ளே வைக்க வேண்டியது இடது கால்.

அது பாதித் தூரம் எழும்பி நின்றுவிட்டது.

புது வீட்டுக்குள் இடது காலை வைத்து யார் போவார்கள்? எங்கள் அம்மா போவாரா? நான் போவேனா? எங்கள் குடியிருப்பில் புதுவீடு புகுந்தபோது நானும் வாசலில் நின்று காலை மாற்றிக்கொண்டவள்தான். ஆனால் ஷெட்டில் தினமும் இருபது தடவை ஏறி இறங்கும்போது எது முதலில் போகிறது என்று யார் பார்த்தார்கள்? நான்கு ஏற்றம் என்றால், வலதில் தொடங்குகிறவருக்கு வாசலில் இடது கால்தான் வரும். மூன்று என்றால் வலது வரும். நம் வீட்டுப் படிகளை ஒற்றைப் படையில் கட்டுவது இதற்காகத்தான் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் கேட்டிருக்கிறேன். அது தாளில் எழுதும்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அவர் எழுப்பிய இடது காலை மூன்றாவது பலகையில், வலது காலுக்குப் பக்கத்தில் வைத்தார். கால் மாற்றிக்கொள்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அந்த இடது கால் அவர் புடவைக் கொசுவத்தின் ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்றது.

நான் பார்த்தேன். கை நீட்டினால் எட்டும். நீட்டவில்லை.

வலது காலை உள்ளே தூக்கினார். புடவை இழுத்தது. கம்பியிலிருந்து கை நழுவியது. பின்பக்கமாகச் சரிந்து, பலகை விளிம்பில் கெண்டைக்கால் உரச, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறிவு எதுவும் இல்லை. ஆனால் தோல் கிழிந்து பட்டில் ரத்தம் பட்டது. சுந்தரம் சாரும் எங்கள் வெல்டர் பாஷா பாயும் ஓடிவந்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இரண்டு பக்கமும் தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அவர் அழுதார். அடிபட்டதற்கு அழவில்லை.

"விட்டுடலாம் வசந்தா," என்றார் சுந்தரம் சார். "வண்டியத் திருப்பிக் குடுத்துடலாம். நமக்கு ஒத்து வரல."

சொந்தக்காரர் ஒருவர், "சகுனமே சரியில்ல" என்று ஆரம்பித்தார். நாகராஜ் சார் செருப்பைக் கழற்றிவிட்டுப் படி ஏறினார், இறங்கினார். என்னைப் பார்த்தார். சொந்தக்காரரிடம் போய், "சகுனம் ரெடி பண்ண எனக்கு ஒரு வாரம் குடுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. கை நீட்டாததற்குக் காரணம் அவர் வேண்டாம் என்று சொன்னதுதானா? அல்லது அவர் கனம் என்மேல் விழுந்தால் என் வயிற்றுக்கு என்ன ஆகும் என்று பயந்தேனா? சாரிடமும் என் கணவரிடமும் முதல் காரணத்தைச் சொன்னேன். எனக்கு மட்டும் இரண்டும் தெரியும். எது முதலில் வந்தது என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சார் என்னைக் கூட்டிக்கொண்டு பசவனகுடிக்குப் போனார். வசந்தா மேடம் காலில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையால் தடுத்தார்.

"உன்மேல கோவம் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. முப்பது வருஷம் பொண்ணுங்களுக்கு ஹை ஜம்ப் சொல்லிக் குடுத்தேன். குதிக்கிற பொண்ணைப் பிடிக்கன்னு அந்தப் பக்கம் யாராவது கைய நீட்டிட்டு நிப்பாங்களா? மணலக் கொட்டி வெச்சிருப்போம். நீங்க மணலே போடல. அங்கங்க ஒல்லியா பலகை, நடுவுல ஓட்டை. நான் எங்க நின்னு கால மாத்தறது?"

சார் காதிலிருந்து சாக்பீஸை எடுத்தார். அங்கேயே தரையில் கோடு போடத் தொடங்கினார். "மேடம், தரைல ஒரு அகலமான மேடை வெச்சா? நின்னு, புடவை சரி பண்ணி, கம்பி பிடிச்சு, அப்புறம் ஏறலாம்."

"அப்ப எத்தனை ஏத்தம்?" என்று நான் கேட்டேன். கேட்கும்போதே எண்ணிவிட்டேன். மேடை ஒன்று, பலகை மூன்று, உள்தரை. ஐந்து. வலது, இடது, வலது, இடது, வலது.

"நோடு," என்றார் சார்.

இந்த முறை மறுபடி பலகைகளை அடுக்கினேன். இப்போது கையோடு காலையும் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, போன முறை அவர் பதினான்கு தடவையும் வலது காலைத்தான் முதலில் வைத்திருக்கிறார். 'புதுசா எதுல ஏறினாலும் வலதுதானேம்மா' என்றார். நான் அளந்தது நல்ல காலை. அறுவை ஆன காலை யாரும் அளக்கவே இல்லை. இடது காலை முதலில் வைக்கச் சொன்னேன். பன்னிரண்டாவது பலகையிலேயே கை சுவருக்குப் போய்விட்டது. ஒன்று குறைத்தேன். ஐந்தரை அங்குலம். இருபத்தாறை ஐந்தால் வகுத்தால் ஐந்தும் கொஞ்சமும். அதற்குள் அடங்கியது.

பிறகு நடந்ததை வேலை தெரிந்தவர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன். பாஷா பாய் பழைய படியைப் பிரித்து மூன்று பலகைகளின் உயரத்தையும் மாற்றினார். ஐந்து ஏற்றமும் ஒரே அளவு, ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. பலகைகளின் பின்பக்க ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்தார். மேடை அலுமினியத்தில், இரண்டடிக்கு இரண்டரை அடி, மேலே சொரசொரத் தகடு, நான்கு மூலையிலும் திருகுக் கால். ஐந்து கிலோவுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வசந்தா மேடம் தானே எடுத்து வைக்க வேண்டுமே.

"அம்மா, இத்தனை லேசா வேணும்னா அப்பளத்துலதான் செய்யணும்," என்றார் பாஷா பாய். ஆனால் செய்துவிட்டார். குனியாமல் எடுக்க வண்டியின் வெளிப்பக்கம் இடுப்பு உயரத்தில் அதற்கு ஒரு அறை. கைப்பிடிக் கம்பி இரண்டு பக்கமும். புடவை கட்டியவருக்கு ஒரு கைதான் மிச்சம், ஏறும்போது ஒரு பக்கம் என்றால் இறங்கும்போது அது மறுபக்கம் ஆகிவிடும். வண்டியின் நான்கு மூலை ஜாக்கியையும் இறக்கிய பிறகுதான் படியை விரிக்க வேண்டும் என்று கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டினேன். தமிழிலும் கன்னடத்திலும்.

இரண்டாவது தடவை பூஜை இல்லை, சொந்தக்காரர்கள் இல்லை. வசந்தா மேடம் நூல் புடவையில் வந்தார். மேடையைத் தானே எடுத்து வைத்தார், காலால் அசைத்துப் பார்த்தார், திருகுக் காலை அரைச் சுற்றுத் திருகினார். வலது காலை முதலில் வைத்து மேடையில் ஏறி, நின்று கொசுவத்தைச் சரிசெய்துகொண்டார். நான் போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றேன். அவர் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார்.

"நீ அன்னிக்கு கை நீட்டாததே நல்லது. நீட்டியிருந்தா ரெண்டு பேர் இல்ல, மூணு பேர் விழுந்திருப்போம். இப்ப ரெண்டடி தள்ளி நில்லு. ஆனா போயிடாத."

வலது, இடது, வலது, இடது, வலது. மேடையில் வைத்த முதல் வலதோடு சேர்த்து ஐந்து. உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து, மைதானத்துக் குரலில், "என்னங்க, காபிப் பொடி எங்க வெச்சீங்க?" என்று சத்தம் வந்தது. சுந்தரம் சார் அவசரமாக மூக்கைச் சிந்திக்கொண்டே ஏறினார். இடது காலைத்தான் முதலில் உள்ளே வைத்தார். யாரும் கவனிக்கவில்லை, நான்தான் கவனித்தேன்.

அவர்கள் சிக்கமகளூர் போனார்கள், ஹம்பி போனார்கள், கோகர்ணம் போனார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் எனக்கு ஒரே மாதிரி படம் வரும்: மேடையின் மேல் இரண்டு பாதம், சுற்றி அந்த ஊர் மண். சிவப்பு, கறுப்பு, கடல் மணல்.

அதனால் பவ்யாவுக்கு நான் சொன்னது இதுதான். மோட்டார் படி கெட்டது இல்லை. மழையில் வசதி, குனிய வேண்டாம். கேட்கிறவர்களுக்குப் போடு. ஆனால் எல்லாருக்கும் அதையே போடாதே. வீட்டுக்குப் போ, பலகை அடுக்கு, இரண்டு காலையும் அள. புடவையா வேட்டியா, எந்தக் காலில் வலி, எந்தக் காலில் வீட்டுக்குள் போவார்கள், எல்லாம் கேள். மோட்டார் படி போட்டாலும் கீழே ஒரு மேடை கொடுக்க முடியுமா என்று பார். இரண்டு பலகையோடு மேடை சேர்ந்தால் நாலு ஏற்றம் ஆகிவிடும், கால் மாறும், அதையும் யோசி. மேடை அகலமாக இருந்தால் கால் மாற்ற இடம் இருக்கும்.

"அக்கா, இதெல்லாம் நீங்களே வந்து மீட்டிங்ல சொல்லலாமே," என்றாள். பின்னால் நாகராஜ் சார் குரல் கேட்டது: "வாரத்துக்கு மூணு நாள் வரட்டும்னு கேளு. பக்கெட் அங்கேயேதான் இருக்கு."

யாழினி பிறந்தபின் நான் திரும்பிப் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை, நானேதான். கணவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறார். "போ, நான் பார்த்துக்கறேன்" என்கிறார். அவர் பார்த்துக்கொள்வார் என்றும் தெரியும். எங்கள் குடியிருப்புக்கு அடுத்த தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. அங்கே நான்கு நாளாக யாழினியைக் கூட்டிப் போய்ப் பழக்குகிறேன். அது முதல் மாடி. முதல் நாளே கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துப் படிகளை அளந்தேன். நடத்துகிற அம்மா கீழே எட்டிப் பார்த்து, "என்ன மேடம், கர்ட்டன் தைக்கவா?" என்று கேட்டார். ஒவ்வொரு படியும் ஆறே முக்கால் அங்குலம். எல்லாம் சமம். மொத்தம் பதினேழு, ஒற்றைப் படை. கம்பி பெரியவர்கள் உயரத்தில் மட்டும் இருக்கிறது. குழந்தைகள் உயரத்தில் இன்னொன்று வைக்க முடியுமா என்று கேட்டேன். "நீங்களே எப்படின்னு வரைஞ்சு குடுங்க, வெச்சுடலாம்" என்றார். வரைந்து கொடுத்துவிட்டேன். பாஷா பாய் ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுத் தருகிறார்.

யாழினிக்கு இரண்டரை வயது. ஏறும்போது என் விரலைப் பிடித்துக்கொள்ள மாட்டாள். "நானு" என்று கையை உதறுகிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, அடுத்ததற்குப் போகிறாள். இடது காலைத்தான் முதலில் வைக்கிறாள். நான் திருத்தவில்லை.

வரும் திங்கட்கிழமை சாருக்குப் பதில் சொல்ல வேண்டும். போகலாம் என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் வாசகர்களான உங்களில் பலர் எனக்கு முன்னால் இந்தப் படியில் ஏறியவர்களாக இருப்பீர்கள். சின்னக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியவர்கள், ஏற முடியாத பெற்றோரோடு பயணம் போனவர்கள், 'பிடிக்காதே' என்று சொன்ன ஒருவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு எழுதுங்கள். இப்போதைக்கு என் கை யாழினியின் முதுகுக்குப் பின்னால், தொடாமல், ஒரு சாண் தள்ளி இருக்கிறது. பதினேழு படிக்கும் அப்படியே வருகிறது. அவளுக்கு அது தெரியாது. அந்தக் கையை எத்தனையாவது படியில் எடுக்கலாம்?